வெயிலைப் பங்கு வைத்த மேஸ்திரி

சூரியனுக்கே சட்டம் போட்ட ஒரே மனிதர் எங்கள் வெயில் மேஸ்திரிதான். குன்னூருக்குக் கீழே தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளில் என் பக்கத்து வீட்டுக்காரர். கொழுந்து பறிக்கிறவர்களை மேய்த்து ரிட்டயர் ஆனபின், மேய்க்க அவருக்கு வெயில்தான் கிடைத்தது.

ஆடி மாதம் எங்களுக்குத் துவைப்பது சுலபம். காய வைப்பதுதான் கஷ்டம். மூடுபனி விலகி வெயில் எட்டிப் பார்த்தால் மொத்த லைனும் வாளியோடு பின்பக்கச் சரிவுக்கு ஓடும். அங்கே ஒரே கொடி. சண்டை முடிவதற்குள் வெயில் போய்விடும். மேஸ்திரி கொடியை முழம் போட்டு, வீட்டுக்கு வீடு சிவப்புத் துணியால் முடிச்சுப் போட்டார். எட்டுப் பேர் இருக்கும் வீட்டுக்கும் அதே நீளம், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஒண்டிக்கட்டையாக இருந்த அவருக்கும் அதே நீளம். அவர் பங்கில் ஒற்றை ஸ்வெட்டர் தொங்கும், மிச்சம் காலி.

"ஏனுங்க மேஸ்திரி, சும்மா கெடக்குற கயித்துல என் சீலையப் போட்டா வெயிலு கொறஞ்சு போயிருமா?" என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

"வெயிலு கொறயாதுங்க டீச்சர். சட்டம் கொறஞ்சு போயிரும்."

போன வருட மழையில் கடைசி வீட்டுச் செல்விக்குக் குழந்தை பிறந்தது. வாரம் முழுக்க வெயிலே இல்லை. ஈரத் துணியில் கிடந்து குழந்தைக்குச் சளி, இழுப்பு. ஒருநாள் வெயில் வந்தது. அண்டா நிறையக் குழந்தைத் துணியோடு செல்வி அவர் முன்னால் நின்றாள்.

"மாமா, என்ற பங்கு பத்தாதுங்க. இன்னிக்கும் காயலைன்னா புள்ளைக்கு மாத்த ஒண்ணுமில்லைங்க."

"ஒருத்தருக்குக் கூடக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க கண்ணு..." என்று ஆரம்பித்தார். செல்வி வீட்டுக்குள்ளிருந்து குழந்தை இருமுவது கேட்டது. மேஸ்திரி நிறுத்தினார். பிறகு மளமளவென்று எல்லா முடிச்சையும் அவிழ்த்தார்.

"இத்தன நாளாக் கயித்தச் சமமா வெச்சனே, ஈரத்தச் சமமா வெச்சனா? எல்லா ஊட்டுலயும் ஆளுக்கொரு காஞ்ச துணி இருக்கோணும். அதுவரைக்கும் ஆருக்கும் ரெண்டாவது கெடையாது!"

நான் போட்டிருந்த சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "இது காஞ்சதுதானுங்க. நீங்க வாளிய எடுத்துட்டுப் போலாம்." டீச்சருக்கும் அதே கதி. ஆச்சரியம், ஒருவரும் சண்டை போடவில்லை.

கொடி முழுக்கக் குழந்தைத் துணி பறந்தது. மேஸ்திரி தன் ஈர ஸ்வெட்டரை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி, கொடிக்கம்பம் போல வெயிலில் நின்றார். சட்டம் அவருக்கும்தானே!

இப்போது அவர் திருப்பூரில், மகள் வீட்டில். போனில் கேட்டேன்: "அங்க வெயில் எப்படிங்க?"

"கொட்டிக் கெடக்குதுங்க. பங்கு வெக்கத்தான் ஒண்ணுமில்ல" என்றார் சோகமாக.

இங்கே அவர் ஸ்வெட்டர் தொங்கிய இடத்தை இன்னும் விட்டுவிட்டுத்தான் துணி போடுகிறோம். நடை பழகும் செல்வி மகளின் குட்டிக் கவுன் மட்டும் அங்கே காயும்.