ஒன்றுமே நடக்காத நாளைத் தேடியவர்

கல்யாணத்துக்கு நாள் பார்த்தே காலண்டரைக் கதிகலங்க வைத்த ஒரே மனிதர் எங்கள் கொழிஞ்சாம்பாறை ‘இதேநாள்’ அண்ணன்தான். எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது தொழில். இதே தேதியில் உலகத்தில் என்ன நடந்தது என்று போனில் படித்து, மோட்டார் கொண்டுவருகிறவர் தலையில் இறக்குவது பொழுதுபோக்கு.

“ஏனுங்க, மோட்டார் எப்பக் கெடைக்கும்? தென்னை வாடுதுங்க.”

“நாளைக்குங்களா? டைட்டானிக் முங்குன நாளுங்க. நாளான்னிக்கு வாங்க.”

அவருக்கே பெண் அமைந்தபோதுதான் வினை. நெம்மாறைப் பெண், இருவருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் பெண்ணின் அப்பா எந்தத் தேதி சொன்னாலும் அண்ணன் ஓர் அழிவை எடுத்து நீட்டினார்.

“ஜனவரி இருவத்தாறு? குடியரசு நாளாச்சே மாப்ள!”

“குஜராத்துல பூகம்பமும் அன்னைக்குத்தானுங்க மாமா.”

அன்றைக்கு மிட்டாய் தின்பதா, துக்கம் காப்பதா என்று எனக்கு இன்னும் குழப்பம்.

கடைசியில் பெண்ணே போன் போட்டாள். “இந்த வாரத்துக்குள்ள நாள் சொல்லுங்க. இல்லீன்னா வேற மாப்ள பாக்கச் சொல்லீருவேன்.”

ஆடிப்போன அண்ணனுக்கு ஞானம் பிறந்தது. “அழிவெல்லாம் இங்கிலீஷ் தேதிலதான் இருக்குதுங்க. தமிழ்த் தேதில ஒன்னுமே முங்கலை!”

சித்திரை பத்து முடிவானது. பத்திரிகையில் இங்கிலீஷ் தேதி, கிழமை எதுவும் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். பெண் வீட்டில் தொங்குவதோ மலையாளக் காலண்டர். சித்திரைதானே மலையாளத்தில் மேட மாசம் என்று அவர்கள் தங்கள் பத்திரிகையில் மேடம் பத்து என அடித்துவிட்டார்கள். அந்த வருஷம் மேடம், சித்திரைக்கு ஒரு நாள் பிந்திப் பிறந்திருந்தது.

பட்டு வேட்டியும் மாலையுமாக இரண்டு வேனில் போய் இறங்கினோம். பந்தலைக் காணோம். மணப்பெண் நைட்டியோடு உட்கார்ந்து தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு மேடம் ஒம்போதுதானுங்க!” என்றாள்.

“எங்களுக்குச் சித்திரை பத்துங்க!”

எனக்கு அது நேற்றா, இன்றா, நாளையா என்றே தெரியவில்லை.

“வந்தது வந்துட்டீங்க, பந்தக்கால் புடிங்க” என்றார் பெண்ணின் அப்பா. மணப்பெண் எங்கள் அண்ணனைப் பார்த்தாள். “நாளைக்கும் எதாச்சும் முங்குச்சுன்னு சொன்னீங்க, அவ்வளவுதான்.”

அண்ணன் என்னை ஓரமாக இழுத்தார். “கண்ணு, நாளைக்கு என்ன நாளுன்னு நீயே பாரு. நாம் பாத்தா எதாச்சும் முங்கீரும்.”

பார்த்தேன். வரிசையாக அழிவு.

“ஒன்னுமே நடக்கலீங்கண்ணா.”

எல்லா நாளையும் மனப்பாடமாக வைத்திருந்த மனிதர் என் முகத்தையே பார்த்தார். “அப்படியா கண்ணு? அப்பச் சரி” என்று மாலையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, தேங்காய் உரிக்க அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.