பட்டையும் படிக்கட்டும்

ஊரே மூச்சு வாங்கிக்கொண்டு படி ஏறியது. கால் வலிக்காரன் ஏறினான். இடுப்புப் பிடிப்புக்காரி ஏறினாள். "டாக்டர் என்னைப் படி ஏறவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்று புலம்பிக்கொண்டே ஒருவர், அந்த டாக்டரே இனி வேண்டாம் என்று ஆக்கிக்கொள்வதற்காக ஏறினார். எல்லாரும் போனது மூன்றாம் மாடிக்கு. அங்கேதான் சமநிலை ஐயா இருந்தார்.

கீழே லிஃப்ட் உண்டு. அதன் கதவில் 'பழுது' என்று மாதக்கணக்காக ஓர் அட்டை தொங்கியது. ஊரிலுள்ள அத்தனை உடம்பையும் பழுது பார்க்கிறவருக்கு அந்த ஒரு லிஃப்டைப் பழுது பார்க்க நேரமில்லை.

ஐயா மந்திரம் சொல்லவில்லை. பேய் ஓட்டவில்லை. அதெல்லாம் பழைய வியாபாரம். அவர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் கிடந்தது. அது காதுக்கு ஏறி நான் பார்த்ததில்லை. வார்த்தைக்கு வார்த்தை 'ஆராய்ச்சி' என்பார். நான் மூன்றாம் வகுப்போடு நின்று கொத்தனார் வேலைக்குப் போனவன். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே யாரோ என் சட்டைப் பையைத் தடவுகிற மாதிரி இருக்கும்.

அவர் விற்றது 'ஜீவசமப் பட்டை'. கறுப்பு ரப்பர், நடுவே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தகடு. மணிக்கட்டில் கட்டினால் ரத்தக் கொதிப்பு இறங்கிவிடுமாம்.

"நான் சொன்னா நம்பாதீங்க. மெஷின் சொன்னா நம்புங்க" என்பார் ஐயா. கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருந்தது. சாமியார் பொய் சொல்லலாம். மெஷினுக்கு என்ன, அதற்குப் பிள்ளையா குட்டியா?

நடப்பது இதுதான். மூன்று மாடி ஏறி, நாக்கு தள்ள வாசலுக்கு வருவீர்கள். அங்கே ஐயாவின் உதவிக்கார அம்மாள் நிற்பார். உட்காரச் சொல்ல மாட்டார். நிற்க வைத்தே, தொங்கவிட்ட கையில் மெஷின் துணியைச் சுற்றுவார். அது இறுக்கும்போதே, "வீட்டுல என்ன கவலை?" என்று பரிவாகக் கேட்பார். கேட்டால் போதாதா? ஒருத்தி மருமகனைப் பற்றி ஆரம்பிப்பாள். ஒருவன் பங்காளியைப் பற்றி ஆரம்பிப்பான். கதை சூடு பிடிக்கிற இடத்தில் மெஷின் கீச்சென்று கத்தும். அம்மாள் எண்ணைச் சத்தமாக வாசிப்பார். கூட்டம் உச்சுக்கொட்டும்.

உடனே பட்டை கட்டி உள்ளறைக்கு அனுப்புவார்கள். உள்ளே மங்கல் வெளிச்சம், குளுகுளு காற்று, சாய்வு நாற்காலி, கைக்கு அடியில் தலையணை. ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் அலை கலைந்துவிடுமாம். பாதிப் பேர் குறட்டையே விடுவார்கள். நல்ல தூக்கத்தில் வந்து மறுபடி அளப்பார்கள். எண் இறங்கியிருக்கும். மணி அடிப்பார்கள். கைதட்டல்.

"முன்னே இது, பின்னே இது. ஒப்பிட்டுப் பாருங்க. இதுதான் விஞ்ஞானம்" என்பார் ஐயா.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் ஒரு நாள் காலையில் என் தம்பி பெண்டாட்டி வாசலில் வந்து நின்றாள்.

"அத்தான், உங்க தம்பி மாத்திரையை நிறுத்திட்டாரு."

"எப்ப?"

"பட்டை கட்டின அன்னிக்கே. எல்லாத்தையும் குப்பையில கொட்டிட்டாரு. கேட்டா, மெஷினே சொல்லுது உனக்கென்னடிங்கிறாரு. நீங்க வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

தம்பிக்கு ரொட்டிக் கடை. போன வருஷம் ஒரு நாள் மாவு பிசைந்துகொண்டே நின்றவனுக்கு வாய் ஒரு பக்கம் கோணியது. வலது கை மாவிலிருந்து எழும்ப மறுத்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தான். மாத்திரையை ஒரு நாளும் விடாதே, அடுத்த தடவை இப்படித் திரும்பி வர மாட்டாய் என்று சொல்லி அனுப்பினார்கள். டாக்டர்களையும் நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் அந்தக் கையை என் கண்ணால் பார்த்தேன்.

போய் ரெண்டு வார்த்தைக்கு இருபது வார்த்தை சொன்னேன். அதில் அச்சில் போடக்கூடியது கொஞ்சம்தான்.

அவன் அசையவில்லை. "அண்ணே, நீ எதைத்தான் நம்பியிருக்கே? மழை பெஞ்சாலே, மேல்வீட்டுக்காரன் தண்ணி கொட்டுறானான்னு எட்டிப் பாக்குற ஆளு நீ. ஞாயித்துக்கிழமை ஐயா கூட்டத்துல நான் சாட்சி சொல்லப் போறேன். மாத்திரை இல்லாம நிக்கிறேன் பாருங்கன்னு சொல்லப் போறேன். நீயும் வா."

அதாவது, அவன் மட்டும் குழியில் விழுவது போதாதாம். ஊரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விழுவானாம்.

அவனுடைய மருமகள் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். எலிகளுக்கு ரத்தக் கொதிப்பு அளக்கிற வேலை. எலியின் வாலில் சின்னப் பட்டி சுற்றி அளப்பார்களாம். வீட்டில் அவளுக்குப் பெயரே எலி டாக்டர்தான். எனக்கு அவள் மேலும் பெரிய நம்பிக்கை கிடையாது.

"எலிக்கு எதுக்கும்மா கொதிப்பு? அது என்ன வாடகையா கட்டுது?" என்றேன்.

அவள் சிரித்தாள். "பெரிய மாமா, கூண்டுல இருந்து எலியை வெடுக்குன்னு தூக்கி உடனே அளந்தா எண் எகிறிடும். அதுக்குப் பயம். கதகதப்பா, இருட்டா, கொஞ்ச நேரம் சும்மா விட்டு அளந்தா தானா இறங்கிடும். மருந்தே வேண்டாம்."

"அப்ப மருந்து வேலை செய்யுதான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"மருந்து குடுக்காத எலிகளையும் கூடவே வச்சுக்குவோம். அதே கூண்டு, அதே இருட்டு, அதே நேரம். ரெண்டு கூட்டத்தையும் ஒரே மாதிரி அளந்து, பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்போம். மருந்து தின்னதுக்கு மட்டும் கூடுதலா இறங்கினாத்தான் அது மருந்து. ரெண்டுக்கும் ஒரே மாதிரி இறங்கினா, அது வெறும் ஓய்வு."

அதை நான் கொஞ்ச நேரம் மென்றேன். முழுங்க முடிந்தது.

"ஞாயித்துக்கிழமை அந்த மருந்து குடுக்காத எலியா நீங்க வரணும்" என்றாள்.

"எனக்கு வால் இல்லையேம்மா."

"கை போதும், பெரிய மாமா."

ஞாயிறன்று மூன்றாம் மாடிக் கூடத்தில் எள் போட்டால் எண்ணெய் வழியும். ஐயா ரெண்டு மணிக்கட்டிலும் பட்டை கட்டி, கையை உயர்த்திக் கும்பிட்டார். "ஆயிரக்கணக்கான எலிகளுக்குக் கட்டிப் பார்த்து, அப்புறம்தான் மனுஷனுக்கு வந்தோம். சந்தேகம் இருக்கிறவங்க தாராளமா கேட்கலாம்" என்றார். கேட்க மாட்டார்கள் என்ற தைரியம்.

எலி டாக்டர் எழுந்தாள். "ஐயா, எலிக்கு எந்தக் கையில கட்டினீங்க?"

"இடது கையில" என்றார் ஐயா, யோசிக்காமல்.

கூட்டத்தில் லேசாகச் சிரிப்பு. ஆனால் சிரிப்பதால் நம்பிக்கை போய்விடுமா? சிரித்த வாயோடு பட்டையைத் தடவிக்கொண்டார்கள்.

அவள் மரியாதையாகவே சொன்னாள்: "ஐயா, ஒரு சின்ன ஒப்பீடு. எங்க மாமா கீழே போய், பட்டையைக் கட்டிக்கிட்டே ஏறி வரட்டும். அவங்க அண்ணன் பட்டை இல்லாம கூட ஏறட்டும். ரெண்டு பேரையும் எப்பவும் போல வாசல்ல அளங்க. அப்புறம் ரெண்டு பேரையும் உள்ளே உட்கார வச்சு அளங்க. பட்டை யாருக்கு வேலை செஞ்சதுன்னு எல்லாரும் பார்க்கட்டும்."

"இதெல்லாம் விளையாட்டுப் பொருள் இல்லம்மா" என்றார் ஐயா.

அவரை மாட்டிவிட்டது நாங்கள் இல்லை. அவருடைய பக்தன், என் தம்பிதான். "காட்டிடுவோம் ஐயா. இந்த ஆளு வாயை இன்னியோட அடைச்சிடலாம்" என்று என்னைக் கைகாட்டினான். முடிதிருத்தும் கடைக்காரர் பின்னாலிருந்து, "அதானே, வேலை செய்யற பட்டைக்கு என்ன பயம்?" என்றார். கூட்டம் கைதட்டியது. ஐயாவும் தட்ட வேண்டியதாயிற்று.

இறங்கினோம். ஏறினோம். அவன் பட்டையோடு, நான் வெறுங்கையோடு. பாதி வழியில் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இளைத்தது. பட்டை சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி சும்மா இருந்தது.

வாசலில் அவனை அளந்தார்கள். அம்மாள் எண்ணை வாசித்தார். பட்டையே இல்லாமல் முதல் நாள் வந்தபோது இருந்த அதே உயரம். கூட்டம் உச்சுக்கொட்ட மறந்தது. அடுத்து என் கையில் துணியைச் சுற்றி, பழக்க தோஷத்தில், "வீட்டுல என்ன கவலை?" என்று கேட்டார்.

"இதோ நிக்கிறானே, இவன்தான்" என்றேன்.

எனக்கும் எகிறியிருந்தது.

உள்ளறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் சாய்ந்தோம். அண்ணனும் தம்பியும் சண்டை போடாமல் அவ்வளவு நேரம் ஒரே அறையில் இருந்தது அன்றைக்குத்தான். அவன் கண்ணை மூடிக்கொண்டு பட்டையைப் பிடித்திருந்தான். நான் பக்கத்துத் தலையணையின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி அளந்தார்கள். எங்களைக் கூடத்துக்குக் கூட்டி வந்து உட்கார வைத்து எண்களை வாசித்தார்கள். அவனுக்கு இறங்கியிருந்தது. எனக்கும் இறங்கியிருந்தது. சொல்லப்போனால் எனக்கு ஒரு பிடி கூடவே.

ஐயா தொண்டையைச் செருமினார். "அறை முழுக்கப் பட்டையோட அலை பரவியிருக்கு. அது அண்ணனுக்கும் சேர்ந்திருக்கு. இதுவும் ஒரு ஆராய்ச்சி முடிவுதான்."

முன் வரிசையில் காய்கறிக்காரி எழுந்தாள். "அப்ப பட்டை எதுக்குய்யா? நாற்காலி என்ன விலைன்னு சொல்லு."

கூடம் அதிர்ந்தது. இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

"எப்படியோ, எனக்குக் குறைஞ்சிருக்கு இல்ல?" என்றான் மெதுவாக.

எலி டாக்டர் அவன் பக்கத்தில் குந்தினாள். "மாமா, முன்னைவிடக் குறைஞ்சிருக்குன்னுதான் இவங்க சொல்றாங்க. குறைஞ்சு எங்க நிக்குதுன்னு யாராவது சொன்னாங்களா? இப்ப, இவ்வளவு ஓய்வுக்கு அப்புறமும், உங்க எண் இருக்க வேண்டியதைவிட ரொம்ப மேலே இருக்கு. போன வருஷம் உங்களைச் சாய்ச்சது இந்த எண்தான்."

மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு இறங்கியவனிடம், 'தரை வந்துவிட்டது, குதி' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவன் சாட்சி சொல்லி, ஊரையும் குதிக்கச் சொல்ல இருந்தான். தம்பியின் முகம் அவன் கடை மாவை விட வெளுத்தது.

ஐயாவுக்கு அதற்குள் கோபம் தலைக்கேறிவிட்டது. "படிக்காத கூட்டம்! எலி பிடிக்கிறவ எனக்குப் பாடம் நடத்துறா" என்று கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"ஐயா, ரெண்டு கையிலும் பட்டை இருக்கே, அப்படி இருந்தும் இவ்வளவு கொதிப்பா?" என்றார் முடிதிருத்தும் கடைக்காரர். "ஒரு தடவை உங்களுக்கும் அளந்துடலாமா?"

"அளங்க, அளங்க" என்று கூடம் முழுக்கக் குரல். ஐயா மறுத்தார். மறுக்க மறுக்க நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்கள். யாரும் அவரைத் தொடவில்லை. தொடாமலே உட்கார வைத்துவிட்டார்கள். கூட்டத்துக்கு அந்தக் கலை தெரியும்.

உதவிக்கார அம்மாள் துணியைச் சுற்றினார். மெஷின் இறுக்கியது, தளர்ந்தது, கத்தியது. அவர் வழக்கம்போல எண்ணைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். அவருடைய முகத்தில் நிஜமான பயம் தெரிந்தது. நடிப்பு எதுவும் இல்லை.

"ஐயா, காலையில மாத்திரை போட்டீங்களா, இல்லையா?"

முன் வரிசை அப்படியே முன்னால் சாய்ந்தது.

"எந்த மாத்திரை?" என்று கேட்டான் என் தம்பி.

பாவம், அந்த அம்மாளுக்குச் சூது தெரியாது. "தினமும் நான்தான் எடுத்துக் குடுப்பேன். இன்னிக்குக் கூட்டத்துல மறந்துட்டேன் போல" என்று சொல்லிக்கொண்டே ஐயாவின் வெள்ளைக் கோட்டுப் பைக்குள் கைவிட்டு மாத்திரை அட்டையை எடுத்தார்.

தம்பி அதை வாங்கிப் பார்த்தான். முன்னே பார்த்தான், திருப்பிப் பார்த்தான். அவன் குப்பையில் கொட்டிய அதே மாத்திரை.

அதைத் திருப்பிக் கொடுத்தான். "போடுங்க ஐயா. எனக்கு வாய் கோணினப்ப தூக்கிக்கிட்டு ஓட அண்ணன் இருந்தான். உங்களைத் தூக்க இங்க இனிமே யாரும் வர மாட்டாங்க."

பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். சாட்சி சொல்லத்தானே வந்திருந்தான், சொன்னான். "மாத்திரையை நிறுத்தினவங்க யாராவது இருந்தா, இப்பவே போய் டாக்டரைப் பாருங்க. நான் போறேன்." அவ்வளவுதான். பட்டையைக் கழற்றி நாற்காலிமேல் வைத்துவிட்டு நடந்தான். அவனுக்குப் பின்னால் பட்டைகள் சடசடவென்று விழுந்தன. ஐயா தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் கேட்டார். கொடுத்தார்கள். நம் ஆட்கள் ஏமாறுவார்களே தவிரக் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை.

டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் மருந்து எழுதிக் கொடுத்தார். தம்பி பெண்டாட்டி தண்ணீரோடு நின்றாள், முழுங்குகிறானா என்று அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டு.

"அண்ணே, இதையாவது நம்பலாமா?" என்றான்.

"நம்பாதே. தினமும் போட்டுக்கிட்டு வா. நல்லா உட்கார்ந்து, வாயை மூடிக்கிட்டு, அளந்து பாரு. நாளைக்கும் அளந்து பாரு" என்றேன்.

அந்தக் கூட்டத்தில் இருந்த ரெண்டு பேர் இப்போது அடுத்த தெருவில் ஒருவரிடம் போகிறார்களாம். கால் நனைக்கிற தொட்டியாம். முன்னே பின்னே படம் பிடித்து மாட்டியிருக்கிறாராம். போகட்டும். ஆனால் காலை நனைப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்தவனுக்கு என்ன ஆச்சு? பதில் வரும்வரை பைக்குள் இருக்கிற கையை வெளியே எடுக்காதீர்கள். அதற்கும் படிப்பு வேண்டும் என்கிறீர்களா? தலை இருந்தால் போதும். அது எல்லாருக்கும் கழுத்துக்கு மேலேதான் இருக்கிறது, இலவசமாக.