நைனாவைத் துரத்திய சிக்னல்

பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரி இல்லை. அதுகூடப் பரவாயில்லை. சொன்ன பொய்யை நிறுத்தவும் எனக்குத் தெரியாது. செஞ்சியில் என் மேலதிகாரி முன்னால் அது நிரூபணமானது.

பெங்களூரில் ஒரு தொலைத்தொடர்பு கம்பெனியில் எஞ்சினியர் நான். சொந்த ஊர் சிங்கவரம். டவரிலிருந்து வரும் சிக்னலைத் தெருவிளக்கு மாதிரி நாலு பக்கமும் இறைக்காமல், டார்ச் லைட் மாதிரி ஆளைப் பார்த்து அடிக்க வைப்பதுதான் எங்கள் டீமின் வேலை. முன்பெல்லாம் டவரடியில் ஒரே பெட்டியில் எல்லாம் இருந்தது. இப்போது ஆண்டெனாவை மட்டும் மேலே விட்டுவிட்டு, மூளையைக் கழற்றித் திண்டிவனத்தில் ஒரு ஏசி அறையில் வைத்திருக்கிறார்கள். (இதற்கு முன்னேற்றம் என்று பெயர்.) வண்டியில் போகிறவர் திரும்பிவிட்டார் என்ற சேதி திண்டிவனம் போய், ‘அந்தப் பக்கம் அடி’ என்று உத்தரவு வருவதற்குள் அவர் அந்த இடத்தில் இருக்க மாட்டார். கண்ணிமைக்கும் நேரம்தான், ஆனால் சிக்னலுக்கு அதுவே தாமதம். அதனால் திண்டிவனம் நாலைந்து திசைகளைப் பொறுக்கிக் கொடுத்தால் போதும், அதில் எது என்று ஆண்டெனாவே முடிவு செய்துகொள்ளும்படி ஒரு புரோகிராம் எழுதினேன்.

சோதனையைச் செஞ்சியில் வைக்க வேண்டும் என்று அடம்பிடித்ததும் நானே. ஊரில் நாலு பேர் பார்க்கட்டுமே.

சோதிக்க ஓடிக்கொண்டே இருக்கிற போன் ஒன்று வேண்டும். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மொபெட்டில் சுற்றாத நாளில்லை. “போனை ஆஃப் பண்ணாம சுத்திக்கிட்டே இரு நைனா” என்றேன். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் முதல் கவனிப்பு அந்த போனுக்கே என்று புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். சோதனை பிரமாதம். வரியை எடுக்க மறந்துவிட்டேன்.

மேலதிகாரி ரகுநாதன் சார் வந்த அன்று கடைத்தெருவில் பந்தல், பெரிய டிவி, ரோஜா மாலை. அவர் கையில் போனோடு நடப்பார், டிவியில் ஒரு நீலக்கோடு அவரையே தொடர்ந்து போகும். அப்படித்தான் ஏற்பாடு. இது சொதப்பினால் எங்கள் ஆறு பேர் டீமைக் கலைத்துவிடுவதாகப் பேச்சிருந்தது.

சார் கிழக்கே நடந்தார். நீலக்கோடு வடக்கே போனது.

“என்னம்மா இது, யாரைப் பார்த்து அடிக்குது?”

“பாறை சார். கோட்டைப் பாறையில மோதித் திரும்புது. கருங்கல் இல்லையா.”

அந்த நிமிடம் நானே அதை நம்பினேன். சார் மரியாதையோடு தலையாட்டினார். பிறகு, “ஆனா நகருதே. பாறை நகருமா?” என்றார்.

“வெயில் ஏறுது சார். கல் சூடாக ஆக, அலை திரும்புற கோணம் மாறும்.”

கோடு ஓரிடத்தில் பத்து நிமிடம் அப்படியே நின்றது. அது நைனா வழக்கமாக டீ குடிக்கும் இடம். எடுக்க மறந்த வரி அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். “இப்ப பாறை ஒரு நிலைக்கு வந்துடுச்சு சார்” என்றேன். ‘செஞ்சிப் பாறைப் பிரச்சினை’ என்று தலைப்பிட்டு அவர் தலைமை அலுவலகத்துக்கு மெயில் தட்ட ஆரம்பித்தார். போனில் சிக்னல் எடுக்காததால் என் லேப்டாப்பை வாங்கி, டவர் கேபிள் வழியாக அனுப்பினார்.

அதற்குள் பந்தலுக்குள் ஓர் அம்மா ரேஷன் பையோடு வந்து நின்றார். “இன்னா சார், காத்தாலருந்து மிஷின்ல ரேகை வச்சிக்கினே நிக்கிறோம், ஒண்ணும் எடுக்கல. நீங்க இங்க டிவி பாத்துக்கினு இருக்கீங்க.”

சார் எழுந்தார். “வாங்க, அந்தப் பாறையைப் பார்த்துட்டு வருவோம்.”

காரில் லேப்டாப்பை மடியில் வைத்து வழி சொன்னது நான். (அந்தக் கோடு மட்டும் வந்துசேர அதில் தனி ரேடியோ உண்டு.) கோடு சிங்கவரம் சாலையைக் காட்ட, நான் கோட்டைப் பக்கம் கை காட்டினேன். டிரைவர் வண்டியைத் திருப்புவதற்குள் எதிரே மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டையோடு நைனா வந்துவிட்டார். காரைக் கடந்தார். கோடும் அவரோடு காரைக் கடந்தது. என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார்.

“இன்னா பாப்பா, கார்ல எங்க போற? நீ சொன்னாமாதிரி ஆஃப் பண்ணாம சுத்திக்கினுதான் இருக்கன். எனக்கு சூப்பரா எடுக்குது. ஊர்ல வேற எவனுக்கும் எடுக்கலயாம்.”

சார் நைனாவைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். “இதான் பாறையா?” என்றார் என்னிடம்.

வேறு வழியில்லாமல் அந்த வரியைப் பற்றிச் சொன்னேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். சார் லேப்டாப்பை வாங்கி, நைனாவை இரண்டு முறை போய்வரச் சொல்லிப் பார்த்தார். கோடு பிசகவே இல்லை. “ஆளை விட மாட்டேங்குது. புரோகிராம் சரியாத்தான் இருக்கு. எழுதினவங்கதான்…” என்று நிறுத்திக்கொண்டார். டீம் பிழைத்தது. பாறை மெயிலைத்தான் திரும்பப் பெற முடியவில்லை. தலைமை அலுவலகம் அந்தப் பாறையை ஆராய ஒரு குழு போட்டு, என்னையே அதற்குத் தலைவியாக்கியது. மாதாமாதம் அறிக்கை எழுதுகிறேன்.

அன்று அந்த வரியைத் திண்டிவனத்திலிருந்து எடுக்க ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். ரேஷன் கடையில் கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. சார் யோசித்தார். “அதுவரைக்கும் உங்கப்பாவைக் கொண்டுபோய் ரேஷன் கடையில உக்கார வைங்க.”

நைனா போய் உட்கார்ந்தார். அவர் பக்கம் வந்த சிக்னலில் மிஷினும் உயிர்பெற்றது. முதல் ரேகை விழுந்ததும் அந்த அம்மா நைனாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். யாரோ விசிறிவிட்டார்கள்.

சொன்னபடியே ஒரு மணி நேரத்தில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றும் எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் நைனாவுக்குத்தான் முதல் பத்திரிகை. “சாப்புடாட்டியும் பரவால்லப்பா, வெளிநாட்டுல கீற பையனுக்கு வீடியோ காட்டுற நேரத்துக்கு மட்டும் வந்து மேடையோரம் குந்திடு” என்கிறார்கள். அவரும் சட்டை மாற்றிக்கொண்டு போகிறார். போன மாதம் ஒரு முகூர்த்தத்தில் படம் நின்றுபோனது. மொத்தப் பந்தலும் திரும்பி அவரைப் பார்த்தது. நைனா மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு எழுந்து, நாற்காலியை மணமேடைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

படம் வந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.