மாமனாருக்குக் குதிரைப் படம் காட்டிய கதை

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலை. மாமனாரை இங்கிலீஷ் குதிரைப் படத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

மனைவி கோபித்துக்கொண்டு மயிலாப்பூரில் அப்பா வீட்டில் இருந்தாள். அச்சாபீஸில் ராத்திரி ஷிப்டு முடித்து மாம்பலம் வீட்டுக்கு வந்தால் அவளிடம் ஒரு வார்த்தை பேசமாட்டேனாம். புஸ்தகமும் கையுமாகச் சாய்ந்துவிடுவேனாம். வாஸ்தவம்தான். மாமனார் மனசு குளிர்ந்தால் பெண்ணை அனுப்பிவைப்பார். அவருக்குத் துப்பாக்கிச் சண்டை என்றால் உயிர். இங்கிலீஷ் தெரியாது. எனக்குத் தெரியும். நானே கற்றது, அதனால் பீற்றலும் அதிகம்.

டிராம் ஏறி மவுண்ட் ரோடு போனோம். பெஞ்சு டிக்கெட். அங்கே இங்கிலீஷ் தெரிந்தவன் உரக்கக் கதை சொல்ல, சுற்றியிருப்பவர்கள் கேட்பது வழக்கம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

படமா அது! பழைய குதிரைப் படமெல்லாம் பொய், நிஜத்தை நாங்கள் காட்டுகிறோம் என்று கிளம்பியிருந்தார்கள். கொள்ளைக்காரன் உத்தமன். போலீஸ்காரன் அயோக்கியன். வீரனோ இனிமேல் சுடமாட்டேன் என்று துப்பாக்கியை ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டான். குதிரையிடம் பக்கம் பக்கமாகப் பேசுகிறான். வாசலில் நிற்கும் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை இல்லை. பழைய பொய்யை நீக்கியவர்கள் அந்த இடத்தில் வேறு எதையாவது வைத்திருக்கக் கூடாதா? குதிரையே கொட்டாவி விட்டது.

"சண்டை எப்ப நைனா?" என்றார் பின்பெஞ்சுக்காரர்.

"தோ, வருது" என்றேன். மறுபடி கேட்டார்கள். மறுபடி "தோ". கடைசியில் பெண்டாட்டி வண்டியேறிப் போனாள், அவன் நாற்காலியிலேயே இருந்தான், விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

"அந்தாளு அவ்ளோ பேசறான். நீ இன்னாடான்னா, 'வருத்தப்படறான், வருத்தப்படறான்'னே சொல்லிக்கினு கீறே!" என்று எகிறினார் பின்பெஞ்சுக்காரர்.

பெஞ்சு முழுக்க அவர் கட்சி. மாமனாரும் அதே கட்சி. மயிலாப்பூர் வீட்டு வாசலில் சொன்னார்: "இங்கிலீஷ் தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே, மாப்ளே."

புளுகனோடு பெண்ணை இப்போதைக்கு அனுப்புவதாக இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

மனைவி என்ன கதை என்று கேட்டாள். நாற்காலி, குதிரை, வாசல், எல்லாம் சொன்னேன்.

"இவர் சரியாத்தாம்பா சொல்லியிருக்காரு. அப்படியும் ஒரு ஆளு உண்டு. எனக்குத் தெரியும்."

மாமனார் என்னைப் பார்த்தார். நான் கூடத்தில் கிடந்த நாற்காலியைப் பார்த்தேன். உட்காரவில்லை.

"வீட்டுக்கு வா" என்றேன்.

பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

ஆனாலும் சொல்கிறேன், அது மட்டமான படம்.