இன்னும் இரண்டு கை

மனிதப் பிறவிக்கு இரண்டு கைகள்தான். இது ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த விஷயம். பாலர் கல்வித் துறைக்கு மட்டும் இன்னும் முறைப்படி தெரிவிக்கப்படவில்லை.

வாத்து டீச்சருக்கு இது தினமும் காலையில் வேலைக்கு வந்த சற்று நேரத்திலேயே உறைத்துவிடும். பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அந்தப் பாலர் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பறைக் கதவிலும் ஒரு பிராணியின் படம் ஒட்டியிருக்கும். அவள் கதவில் வாத்து. பக்கத்து வகுப்பு டீச்சரின் கதவில் கரடி. அந்த அம்மாளோடு ஒப்பிட்டால் இவள் கொடுத்து வைத்தவள்.

வாத்து வகுப்பில் இரண்டு வயதும் மூன்று வயதுமாக இருபத்திரண்டு குழந்தைகள். ஒன்று "ஒண்ணுக்கு வருது" என்று சொல்லும்போதே வந்திருக்கும். ஒன்று இன்னொன்றின் காதைக் கடித்துக்கொண்டிருக்கும். ஒன்று களிமண்ணைத் தின்னும், அதைப் பார்த்து இன்னொன்று தனக்கும் வேண்டும் என்று புரண்டு அழும். இத்தனையையும் ஒருத்தி எப்படியோ சமாளித்துவிடலாம். ராக்கெட்டைத்தான் முடியாது.

ராக்கெட் இரண்டரை வயதுப் பயல். தங்கமான பிள்ளை, யாரையும் கடிக்க மாட்டான். கதவு திறந்திருந்தால் ஓடுவான், அவ்வளவுதான். கதவைத் தாண்டினால் முற்றம், முற்றத்தைத் தாண்டினால் கேட், கேட்டைத் தாண்டினால் லாரி போகிற ரோடு. கேட்டைப் பூட்டினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். பூட்டக் கூடாது என்பது விதி. தீப்பிடித்தால் குழந்தைகள் வெளியே ஓட வேண்டுமாம். பள்ளியிலேயே அந்த விதியை மனதார ஆதரித்தவன் ராக்கெட் ஒருவன்தான்.

ஒருநாள் வாத்து டீச்சர் ஒரு குழந்தைக்குக் கால் கழுவிவிட்டு நிமிர்வதற்குள் பயல் ரோட்டில் நின்றான். அவள் ஓடிப்போய் அள்ளியபோது ஒரு சைக்கிள்காரர் பிரேக் பிடித்துக் கீழே விழுந்து, விழுந்த நிலையிலேயே அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்தவள் ஓவென்று அழுதுவிட்டாள்.

"இன்னொரு ஆள் கேக்க வேண்டியதுதானே?" என்றார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். "எங்க கம்பெனியில ரெண்டு பேர் இல்லாம லிஃப்ட் கதவையே தொட விட மாட்டாங்க. இதுக எல்லாம் உசுரு இல்லையா?"

கேட்க வேண்டியதுதான் என்று அவளும் கிளம்பினாள்.

தொழில்முறை மேம்பாட்டு அதிகாரியின் அறையில் நான்கு உதவியாளர்கள் இருந்தார்கள். ஒருவர் ஃபைலை எடுத்துக் கொடுக்க, ஒருவர் வாங்கி வைக்க, ஒருவர் ஃபேன் போட, ஒருவர் இந்த மூவரையும் மேற்பார்வை பார்க்க. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று அவளுக்கு நம்பிக்கை பிறந்தது.

"என்னம்மா வேணும்?"

"என் வகுப்புக்கு இன்னொரு ஆள் வேணும் சார்."

"யார் கேக்கறாங்க? குழந்தைங்களா?"

"அதுங்களுக்கு இன்னும் பேச்சே சரியா வரல சார். அதுங்களுக்காக நான் கேக்கறேன்."

அதிகாரி முகத்தில் வருத்தம் படர்ந்தது. "அதாம்மா முடியாது. நீங்க டீச்சர். குழந்தைக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கலாம், மூக்கு சிந்திவிடலாம். குழந்தைக்காகப் பரிஞ்சு பேசறதுக்குத் தகுதி வேணும். 'குழந்தைகளின் குரல்'னு மூணு நிலைப் பயிற்சி இருக்கு. மூணாவது நிலை முடிச்சவங்க கேட்டா இல்லேன்னு சொல்ல எனக்கு அதிகாரமே கிடையாது."

"பயிற்சிக்கு நான் வந்துட்டா வகுப்பை யாரு சார் பாத்துக்குவா?"

"மாற்று டீச்சர் அனுப்புவோம்."

"ஆள் இருக்காங்களா!" அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்ப அவங்களையே எனக்குத் துணைக்கு அனுப்பிடுங்களேன் சார்."

அதிகாரி நான்கு உதவியாளர்களையும் ஒருமுறை பார்த்தார். நால்வரும் சிரித்தார்கள். "அதெப்படிம்மா? அவங்க நீங்க இல்லாதப்ப இருக்கறவங்க. நீங்க இருக்கறப்ப அவங்களும் இருந்தா, நீங்க இல்லேன்னு ஆயிடாதா?"

தான் இருக்கிறோம் என்பதை எப்படி நிரூபிப்பது என்று யோசித்தபடியே பயிற்சியில் சேர்ந்துவிட்டாள்.

முதல் நிலையில் பயிற்சியாளர் ஒரு பேருண்மையை வெளியிட்டார். குழந்தையிடம் பேசும்போது மண்டியிட்டு, அதன் கண்மட்டத்துக்கு வர வேண்டும். "அழாதே" என்று சொல்வது வன்முறை. "உன் உணர்வை நான் மதிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். முழங்கால் வலிக்க வலிக்க எல்லோரும் ஒருவரையொருவர் மதித்துப் பழகினார்கள். பயிற்சி நடந்த குளிரூட்டிய மண்டபத்தில் பழகிப் பார்க்க ஒரு குழந்தைகூட இல்லை. கம்பளம் புதிது, அதனால்தான்.

பழக்கம் வீடு வரைக்கும் வந்தது.

"குழம்புல உப்பே இல்லையே?" என்றார் கணவர்.

அவள் நாற்காலி பக்கத்தில் மண்டியிட்டாள். "உங்க உணர்வை நான் மதிக்கிறேன்."

"நல்லது தாயே. உப்பு டப்பா எங்க?"

இரண்டாம் நிலையில் இன்னும் ஆழமாகப் போனார்கள். குழந்தை எது செய்தாலும் தலையிடக் கூடாது. கவனிக்க வேண்டும், குறிப்பெடுக்க வேண்டும். அந்த மாதம் புதிய மோஸ்தர் ஒன்றும் வந்து சேர்ந்தது. கலர் பொம்மைகள் குழந்தையின் கண்ணில் கூச்சல் போடுகின்றனவாம். சிவப்புப் பந்து, மஞ்சள் வாளி, நீல யானை எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடுத்துப் போய்விட்டு, பழுப்பு மரக்கட்டைகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். குழந்தைகளைக் கேட்காமலே அவர்களுக்கு நிம்மதி வந்துவிட்டதாகத் துறை அறிவித்தது. பழுப்பு நிறத்திலேயே புடவை உடுத்தி வந்த டீச்சர்களுக்கு வெள்ளி பேட்ஜ். வாத்து டீச்சருக்கும் ஒன்று கிடைத்தது. கண்ணாடியில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பள்ளியிலிருந்து மாற்று டீச்சர் போன் செய்தாள். சின்னப் பெண், வேலைக்குப் புதிது.

"அக்கா, இன்னிக்கும் ராக்கெட் ரோட்டுக்குப் போயிட்டான்க்கா. எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு. எப்பக்கா வருவீங்க?"

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா. மூணாவது நிலை ஆரம்பிக்கப் போகுது. அது முடிஞ்சா ரெண்டாவது ஆள் கெடைச்சிடும்."

"ரெண்டாவது ஆள் கெடக்கட்டும்க்கா. முதல் ஆள் வந்தாப் போதும்."

வாத்து டீச்சருக்குச் சுருக்கென்றது. ஆனால் பாதிக் கிணறு தாண்டியவள் திரும்ப முடியுமா? மூன்றாம் நிலையையும் முடித்தாள். அதில் குரலை உயர்த்துவது, நெஞ்சில் கை வைப்பது, சரியான இடத்தில் தொண்டை அடைப்பது எல்லாம் கற்பித்தார்கள். தொண்டை அடைப்பதில் அவள்தான் முதல்.

தங்க பேட்ஜோடு அதிகாரியின் அறைக்குப் போனாள். அவர் எழுந்து நின்றார்.

"இப்பக் கேக்கலாமா சார்?"

"தாராளமா. ஆனா இங்க கேட்டா அது தனிப்பட்ட பேச்சும்மா. மாநாட்டு மேடையில முழுசாப் பேசி முடிச்சாத்தான் கோரிக்கை. நடுவுல இறங்கிட்டா காலாவதி."

மாநாடு என்றால் சாதாரண மாநாடா? வாசலில் மண்டப அகலத்துக்கு ஒரு பேனர்: "ஒவ்வொரு குழந்தையும் நம் குழந்தை". அதன் கீழே சின்ன எழுத்தில், "குழந்தைகளுக்கு அனுமதி இல்லை". மண்டபத்தை நிரப்ப வேண்டும் என்று டீச்சர்கள், மாற்று டீச்சர்கள் எல்லோருக்கும் வரச்சொல்லி உத்தரவு. பள்ளியை மூடினால் தாங்கள் லீவு போட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று பெற்றோர்கள் சண்டைக்கு வந்ததால், மாற்று டீச்சர் வாத்து வகுப்புக் குழந்தைகளை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அவர்களை வெளி வராந்தாவில் உட்கார வைத்தார்கள். வராந்தாவுக்கு அடுத்து ரோடு.

வாத்து டீச்சர் மேடை ஏறினாள். மனதில் ஒன்றே ஒன்றுதான். இதை மட்டும் பேசி முடித்துவிட்டால் போதும், ஆள் வந்துவிடும், ராக்கெட் பிழைத்துக்கொள்வான்.

"இரண்டு கை போதாது!" என்று முழங்கினாள். "ஒரு குழந்தையைத் துடைக்கும்போது இன்னொரு குழந்தை ஓடுகிறது!"

அந்த நேரம் பார்த்து மண்டபக் கதவு யாருக்கோ திறந்தது. உள்ளே ராக்கெட் ஓடி வந்தான்.

நடுவழியே பாய்ந்து வந்தவன் கம்பளத்து மடிப்பில் தடுக்கி, மேடைப் படியில் மோவாய் இடிபட விழுந்தான். வீல் என்று அலறினான். உதட்டில் ரத்தம். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். ஒரே சமயத்தில் மண்டியிட்டார்கள். "உன் உணர்வை நாங்கள் மதிக்கிறோம்!" என்று மண்டபமே சொல்லிற்று. பிறகு எல்லோரும் பேனாவை எடுத்தார்கள்.

பெரியவர்கள் கூட்டம் கூட்டமாய் மண்டி போடுவதை அவன் எங்கே கண்டான்? பயந்துபோய் எழுந்து, வந்த வழியே கதவைப் பார்த்து ஓட்டம் பிடித்தான்.

வாத்து டீச்சர் மேடையை விட்டு ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"பேச்சு முடியலம்மா," என்றார் பக்கத்தில் இருந்த அதிகாரி, மைக்கில் விழாதபடி. "இறங்கினா காலாவதி."

காலாவதியாவது கத்திரிக்காயாவது! அவள் குதித்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி, கதவருகே அவனை மடக்கி இடுப்பில் ஏற்றினாள். அவன் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினான். அவளும் அழுதாள். இந்தத் தடவை யாரும் கற்றுக்கொடுக்காத அழுகை.

மண்டபம் அதிரக் கைதட்டல். அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! ஒரே ஒரு ஆள். ரெண்டே கை. எவ்வளவு பெரிய மண்டபம், எவ்வளவு தூரம் ஓடிப் பிடிச்சாங்க! ரெண்டாவது ஆள் வேணும்னு இனிமே யாராவது கேப்பீங்களா? முறையான பயிற்சி இருந்தா ஒருத்தரே போதும்னு இந்த டீச்சர் நிரூபிச்சுட்டாங்க. மாற்று டீச்சர்ங்கிற வீண் செலவையும் இன்னிக்கோட நிறுத்தறோம்!"

இன்னும் பலத்த கைதட்டல். வராந்தாவில் இருபத்தோரு குழந்தைகளோடு நின்ற மாற்று டீச்சருக்கு எதற்கு என்று தெரியவில்லை. அவளும் தட்டினாள்.

உடனே வாத்து டீச்சருக்கு 'ஒற்றைக் கரம்' விருது அறிவிக்கப்பட்டது. கண்ணாடியில் செய்த ஒரு குழந்தை. நல்ல கனம். குழந்தையும் கையுமாக அவளை மேடைக்கு அழைத்துப் போனார்கள்.

"சார், நான் கேட்டது..." என்று ஆரம்பித்தாள்.

"முதல்ல இதைப் பிடிங்கம்மா. ஒரு கையில நிக்காது, ரெண்டு கையாலயும் பிடிக்கணும்."

"குழந்தை இருக்கே."

"மேடம், அந்தக் குழந்தை விருதை மறைக்குது," என்றார் போட்டோக்காரர். "ஒரு நிமிஷம் இறக்கி விட்டீங்கன்னா முடிஞ்சது."

ஒரு நிமிஷம்தானே என்று அவளுக்கும் தோன்றிவிட்டது. "இங்கேயே நில்லுடா செல்லம்," என்று அவனை இறக்கிவிட்டு, கண்ணாடிக் குழந்தையை வாங்கினாள். அது கொஞ்சம் சாய்ந்தது. "ஐயையோ, பாத்து! கீழ போட்டுடாதீங்க!" என்று ஏழெட்டுப் பேர் ஓடி வந்து, ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்தார்கள். மற்றவர்கள் கையில் பூங்கொத்து, பரிசுப் பை, செல்போன். எல்லோரும் காமிராவைப் பார்த்துச் சிரித்தார்கள். படம் மிக அருமையாக வந்தது.

அப்போது வெளியே ஒரு லாரி பிரேக் போடும் சத்தம் நீளமாகக் கேட்டது.

லாரிக்கு நல்ல பிரேக். சற்று நேரத்தில் டிரைவர் உள்ளே வந்தார். உடம்பெல்லாம் வியர்த்து நனைந்திருந்தது. அவர் கைப்பிடியில் ராக்கெட், புதிதாக ஒரு கீறல் இல்லாமல்.

"இது யாரு புள்ள?" என்று கத்தினார்.

பழக்கதோஷத்தில் மண்டபம் முழுக்க ஒரே குரலில் பதில் வந்தது. "ஒவ்வொரு குழந்தையும் நம் குழந்தை!"

"அதெல்லாம் சரி, யாரு கையில குடுக்கறது?"

ஒரு கைகூடக் காலியாக இல்லை. ராக்கெட் மேடையைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினான். வாத்து டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் வாங்கத்தான் துடித்தாள். ஆனால் கையில் இருப்பது கண்ணாடி ஆயிற்றே. அதை முதலில் வைக்க ஒரு மேசை கிடைக்குமா என்று சுற்றுமுற்றும் தேடினாள்.