ஓர் ஆள் குறைந்தாலும் கிளம்பாத ஜீப்

தாண்டிக்குடி மலையில் எங்களுக்கெல்லாம் பொறுமையைக் கற்றுக் கொடுத்தது சாமியும் இல்லை, சாமியாரும் இல்லை. ஜீப் ஓட்டிய 'இன்னொராளு'தான்.

அவருடைய சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. பதினாலு பேர் ஏறாமல் வண்டியை எடுக்க மாட்டார். "இன்னும் ஒரு ஆளு வரட்டும்" என்பார். அதுவே பேராகிவிட்டது. ஒரு முறை முகூர்த்தத்துக்குப் புறப்பட்ட மாப்பிள்ளையையே உட்கார வைத்துவிட்டார். தேடிக்கொண்டு பெண் வீட்டார் மேலே வந்து, அவர்களும் ஏறிய பிறகுதான் வண்டி நிறைந்து கிளம்பியது. ஏன் இப்படி என்று கேட்டால், "காலி சீட்டோட போனா வண்டிக்கு வெக்கமா இருக்காதா?" என்பார்.

வெட்கம் எனக்குத் தெரிந்த விஷயம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். பெரியவர்களிடம் பேச வாய் வராது. பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தேன். காப்பித் தோட்டத்துத் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் அறைக்கு, நாங்கள் சிலோனிலிருந்து கொண்டு வந்த பேர் அது.

மலைக்கு செல்போன் புதிதாக வந்திருந்த சமயம். ஒரு நாள் மூன்று வயதுச் செல்வி ஓடிவந்து வாசற்படியில் விழுந்தாள். தாடை கிழிந்துவிட்டது. அவள் அம்மா தூரத்துச் சரிவில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: ஒரு கை காப்பித்தூளை அள்ளி அப்பினேன். ரத்தம் தூளைக் குடித்துவிட்டு மேலும் வந்தது. தையல் போட அடிவாரத்து அய்யம்பாளையத்துக்கு இறங்க வேண்டும். ஒரு மணிக்கு டாக்டர் சாப்பிடப் போனால் சாயங்காலம்தான் வருவார். மணி பன்னிரண்டு.

தாய்க்கு ஆள் அனுப்பிவிட்டு, மற்ற பிள்ளைகளைச் சமையல்காரியிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன். ஜீப்பில் ஒருவரும் இல்லை. என்னையும் செல்வியையும் சேர்த்தால் ஒன்றரை ஆள். இன்னும் பன்னிரண்டரை ஆள் வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றேன்.

பிள்ளையின் தாடையில் நான் அழுத்தியிருந்த துண்டில் ரத்தத்தை இன்னொராளு பார்த்தார்.

"ஏறுங்க ஆயா."

"ஆளு..." என்றேன்.

"ஆளு கெடக்கட்டும். வெரசா ஏறுங்க."

முதல் வளைவில் பூண்டு மூட்டையோடு இரண்டு பெண்கள் கை காட்டினார்கள். வண்டி நிற்கவில்லை. ஏறத் தூக்கிய காலை இறக்க மறந்து நின்றார்கள். அடுத்த நிறுத்தத்தில் ஆறு பேர். அவர்களையும் தாண்டினோம். பின்னால் ஒரு குரல் கேட்டது: "ஏலே, இன்னொராளு ஆளைப் பாத்தும் நிக்கலடா. பிரேக்கு போச்சு."

அந்த மலையில் ஒரே ஒரு வளைவில்தான் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கும். அங்கே நின்றவர் சும்மா இருப்பாரா? பிரேக் போச்சு என்று அடிவாரத்துக்குச் சேதி பறந்துவிட்டது.

கீழே வந்தால் ரோட்டை அடைத்துத் தேங்காய் மட்டை மலை போலக் குவிந்து கிடந்தது. ஜீப் வந்து மோதி நிற்கட்டுமாம். ஊரே திரண்டிருந்தது. ஒருவர் சூடம்கூடக் கொளுத்திவிட்டார். ஜீப் மட்டைக்கு ஒரு சாண் முன்னால் சாதுவாக நின்றது.

"பிரேக்கு இருக்காய்யா?"

"இருக்குங்க."

"அப்ப மேல ஏன்யா ஆளைப் பாத்து நிக்கல?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். வாழ்நாளில் அப்படி ஒரு குற்றம் செய்ததில்லையே.

"பிள்ளைக்கு ரத்தம் நிக்கலய்யா. டாக்டரு போயிருவாரு. மட்டைய எடுங்க."

கத்தியது நான்தான். செல்வி அழுகையை நிறுத்தி என் வாயையே பார்த்தாள். "ஆயா கத்துது" என்றாள்.

மட்டை போன இடம் தெரியவில்லை. டாக்டரை மறிக்க ஒருவர் சைக்கிளில் பறந்தார். எடுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் துணைக்கென்று வண்டியில் ஏறிக்கொண்டார்கள். டாக்டர் ஸ்கூட்டரில் உட்கார்ந்துவிட்டிருந்தார். நிறைந்த ஜீப்பைப் பார்த்து இறங்கினார்.

"இத்தனை பேருக்கும் அடியா?"

"பிள்ளைக்குத்தாங்க" என்றோம் எல்லோரும்.

துண்டை விலக்கி முகர்ந்தார். "ஏம்மா, நான் தையல் போடவா, டிகாஷன் எறக்கவா?"

தூளைக் கழுவத்தான் நேரமானது. "இனிமே காயத்துல தூளு வைக்காதீங்க" என்று கண்டித்தார். கழுவும்போது அலறிய செல்வி, தையலுக்கு டாக்டரின் கழுத்தில் தொங்கிய குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு விடவில்லை. மூன்று தையல். நான் வெளியே வந்து மூன்று விரலைக் காட்டினேன். வெளியே நின்றவர்கள் தேர் நிலைக்கு வந்ததுபோலக் கை தட்டினார்கள்.

செல்வியைத் தூக்கிவர நான் மறுபடி உள்ளே போனேன். அதற்குள் மேலே போகும் ஆட்கள் ஜீப்பில் ஏறியிருந்தார்கள். பொறுமை இழந்த ஒருவர் எண்ணியே காட்டினார்.

"பதினாலு ஆச்சுய்யா. நல்லா பாரு. எடு வண்டிய."

இன்னொராளு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன் சீட்டை ஒரு கையால் மறித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருங்கப்பா. இன்னும் ஒரு ஆளு வரணும்."