பிரசிடெண்ட் உட்கார்ந்த நாற்காலி

ஓரகத்தி மேல் பொறாமைப்படாத மருமகள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நேரில் வந்து பார்த்து, அவள் மேலும் கொஞ்சம் பொறாமைப்பட்டுவிட்டுப் போகிறேன்.

என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணனின் மனைவி, பெயர் கலைவாணி. கலா அக்கா என்று கூப்பிடுவேன். (மனசுக்குள் கூப்பிட்ட பெயர்களை இங்கே எழுத முடியாது.) அவர் கருவாட்டுக் குழம்பு வைத்தால் என் மாமனார் தெருமுனையிலிருந்தே நடையை எட்டிப் போடுவார். அவர் போட்ட கோலத்தைத் தெருவில் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். என் கோலத்தின் மேல் ஸ்கூட்டர் நிறுத்துவார்கள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது, அவர் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த ஒரு தேக்கு நாற்காலியைத்தான்.

எனக்குக் கல்யாணமான மறுநாள் அது. திருப்போரூருக்குப் பக்கத்தில் மாமியார் வீடு. இரண்டு நாளாக நின்றும் கும்பிட்டும் கால் வீங்கியிருந்தது. கூடத்தில் அந்த நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். அங்கிருந்த பதினாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள்.

“ஐயோ, அதுல உக்காராத மா,” என்றார் அத்தை. “பிரசிடெண்ட் உக்காந்த சேரு. கலா வூட்டு சேரு அது. நீ இப்டி பாய்ல வந்து உக்காரு.”

பாய்க்குப் போனேன். நான் கொண்டுவந்த டபுள் டோர் ஃபிரிட்ஜ் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அதில் எந்தப் பிரசிடெண்டும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு அணு ஆராய்ச்சியில் வேலை. எனக்குத் தெரிந்த பிரசிடெண்ட் ஒருவர்தான்: டில்லியில் இருப்பார், குடியரசு தினத்தன்று டிவியில் வருவார். அவர் இந்தப் பக்கம் வந்து, கலா அக்காவின் தாத்தா வீட்டில் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார் என்றால், நான் ஐந்து நட்சத்திர ஃபிரிட்ஜ் கொண்டுவந்து என்ன பிரயோஜனம்?

வருகிற விருந்தாளிக்கெல்லாம் அத்தை அந்தக் கதையைச் சொல்லுவார். “கலா தாத்தா வூட்டுக்கு பிரசிடெண்ட் வந்தாரு...” என்று ஆரம்பித்ததுமே எனக்கு வயிறு எரியும். குக்கர் விசில் வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விடுவேன். நாலு வருஷத்தில் அந்தக் கதையின் முதல் வரியைத் தாண்டி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. பின்னால் வந்த வினை எல்லாம் இதனால்தான்.

எனக்கு நாவலூரில் சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் செய்ததில் தப்புக் கண்டுபிடிப்பதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவள். ஒருநாள் ஆபீஸ் பஸ்ஸில் பழைய மகாபலிபுரம் சாலையில் போகும்போதுதான் அந்த யோசனை வந்தது. ஜனாதிபதி என்றால் போலீஸ் இருக்கும், பயணத் திட்டம் இருக்கும். திட்டம் இருந்தால் காகிதம் இருக்கும். நம் அரசாங்கத்துக்குக் காகிதத்தைத் தூக்கிப் போடுகிற வழக்கம் இல்லை. அந்தக் காகிதத்தில் கலா அக்காவின் தாத்தா வீடு இல்லாவிட்டால்?

அன்று சாயங்காலமே தேனொழுகக் கேட்டேன். “அக்கா, அந்த பிரசிடெண்ட் எந்த வருஷம் வந்தார்?”

“எங்க அப்பா பொறந்த வருசம். உக்காரு, முழுசா சொல்றேன்,” என்றார் கலா அக்கா. நான் கேட்டேனே என்று அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு உடனே ஆபீஸிலிருந்து போன் வந்துவிட்டது. (வரவில்லை.)

ஆபீஸில் காய்ச்சல் என்று சொன்னேன். வீட்டில் ஆபீஸ் என்று சொன்னேன். சென்னைக்குப் போய் அரசு ஆவணக் காப்பகத்தில் படிவம் நிரப்பினேன். ஆய்வுத் தலைப்பு என்ற கட்டத்தில், ‘ஜனாதிபதியின் தமிழகப் பயணங்களில் அன்றாட நடவடிக்கைகள்’ என்று எழுதினேன். ‘ஓரகத்தியின் மூக்கை உடைத்தல்’ என்று எழுதுவதற்கு அந்தக் கட்டத்தில் இடம் இல்லை.

பைல் எடுத்துத் தருகிறவர் ஓய்வுபெறும் வயதில் இருந்தார். கேளம்பாக்கத்துக்காரர்.

“இன்னா மா தேடுற?”

“பிரசிடெண்டோட தினசரி நடவடிக்கை, சார். அவர் திருப்போரூர் பக்கம் யார் வீட்டுக்கெல்லாம் போனார்னு தெரியணும்.”

“எந்த பிரசிடெண்டு?”

“இந்தியாவுக்கு எத்தனை பிரசிடெண்ட் சார் இருக்காங்க?”

“இந்தியாவுக்கு ஒருத்தருதான் மா. திருப்போரூர் பக்கம்னா...” என்று ஏதோ சொல்ல வந்தார். நான் படிவத்தை அவர் கையில் திணித்தேன். பாவம், அந்த மனிதர் என்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார்.

பேனா கூடாது, பென்சில்தான். முதல் நாள் வந்த பைல் கட்டுக்குள் ஏதோ கால்நடைக் கண்காட்சி. இரண்டாம் நாள், ஜனாதிபதி மாமல்லபுரத்தில் நடக்கும் வழியில் ஆடுகளைக் கட்டிப்போட வேண்டும் என்று ஒரு கடிதம், யாருடைய ஆடுகள் என்று கேட்டு ஒரு பதில், ஆடு வைத்திருப்பவர்கள் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது என்று இன்னொரு பதில். பட்டியல் இணைக்கப்படவில்லை. தூசியில் தும்மித் தும்மி, ஆபீஸில் சொன்ன காய்ச்சல் மூன்றாம் நாள் உண்மையாகவே வந்துவிட்டது. அன்றைக்குத்தான் நிகழ்ச்சி நிரலும் வந்தது.

நிமிஷம் நிமிஷமாக டைப் அடித்திருந்தார்கள். எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், எத்தனை மணிக்குக் காபி, எந்தக் காரில் யார், வெயிலில் இறங்கினால் குடை பிடிப்பது யார். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ‘ஓய்வு, ஒன்றரை மணி நேரம்’. அதைப் படித்ததும் எனக்கு ஜனாதிபதி மேலேயே பொறாமை வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பகலில் பத்து நிமிஷம் படுக்கை கிடைத்ததில்லை. குடையை விடுங்கள், மழையில் பஸ்ஸுக்கு நின்றால் என் வீட்டுக்காரர் போன்கூடப் பண்ணமாட்டார்.

அடுத்த பக்கத்தில் இருந்தது நான் தேடியது. ‘காலை 9.52, திருப்போரூர் வழியாக. நிற்கவில்லை.’ அந்த அறையில் பேசக்கூடாது என்பதால் பென்சிலைக் கடித்துக்கொண்டேன். விண்ணப்பம் கொடுத்து, காத்திருந்து, முத்திரை போட்ட நகல் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் வந்தேன். அதை எடுத்துக்காட்ட நாலு பேர் கூடும் ஒரு நல்ல நாள் மட்டும் வேண்டியிருந்தது.

வந்தது, என் கொழுந்தன் தினேஷின் நல்ல நாள்.

தினேஷுக்கு அப்போது முப்பத்திமூன்று. ஆறு இடம் பார்த்து ஆறும் தட்டிப்போயிருந்தது. ஏழாவதாக வந்தது திருக்கழுக்குன்றம் பக்கத்துப் பெண், பவித்ரா. இரண்டு பேருக்கும் பிடித்துப்போய் ராத்திரி பகலாகப் போனில் பேச ஆரம்பித்திருந்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவது மட்டும் பாக்கி. அந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: சம்மதம் என்றால்தான் கை நனைப்பார்கள். இல்லையென்றால் ஒரு வாய் தண்ணீரோடு எழுந்து போய்விடுவார்கள், இலை காய்ந்துகொண்டிருக்கும். இந்த இடத்தைக் கொண்டுவந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? கலா அக்காதான். நான் சொன்ன இடத்தில் அத்தை ஜாதகம்கூட வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேனில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பெண்ணின் அப்பா ஏழுமலை, அறுபது வயசுக்காரர், கூடத்துக்குள் வந்ததும் நேராக அந்த நாற்காலியிடம் போய் நின்றார். கைப்பிடியைத் தொட்டார்.

“உக்காருங்க,” என்றார் அத்தை.

உட்கார்ந்தார். நாலு வருஷத்தில் அதில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வீங்கிய காலோடு உட்கார்ந்த புது மருமகளை எழுப்பிய நாற்காலி, யாரோ ஒருவர் வந்து நின்றதும் ‘உக்காருங்க’வாம். தண்ணீர்த் தட்டோடு அங்கேயே நின்றேன்.

“பிரசிடெண்ட் உக்காந்த சேரு ஆச்சே,” என்று அத்தை ஆரம்பித்தார்.

அடுப்பில் குக்கர் எதுவும் இல்லை. நான் தட்டைக் கீழே வைத்தேன்.

“ஒரு நிமிஷம் அத்தை,” என்று கைப்பையிலிருந்து நகலை எடுத்தேன். ஆபீஸ் மீட்டிங்கில் பேசும் குரல் தானாக வந்துவிட்டது. “கலா அக்கா தாத்தா வீட்டுக்கு எந்த பிரசிடெண்டும் வந்ததில்லை. கவர்மெண்ட் ரெக்கார்டு இருக்கு. காலை ஒன்பது ஐம்பத்திரண்டு, திருப்போரூர் வழியாக, நிற்கவில்லை. சீல் போட்டிருக்கு, யார் வேணும்னாலும் பார்க்கலாம்.”

ஏழுமலை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“வர்லையா?”

“வரலை சார். அத்தனையும் பொய்.”

“அப்போ எங்கப்பா மூணு நாளு எங்க மா போயிருந்தாரு?”

எனக்குப் புரியவில்லை. கலா அக்காதான் மெதுவாகச் சொன்னார். “வித்யா, டில்லின்னு நாங்க எப்ப மா சொன்னோம்? பஞ்சாயத்து பிரசிடெண்ட் மா. இவுரோட அப்பா.”

பூமி பிளக்கும் என்று காத்திருந்தேன். பிளக்கவில்லை. என் வீட்டுக்காரர் அணைந்திருந்த போனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தினேஷ் என்னைப் பார்த்த பார்வையில், அண்ணி என்ற உறவு அன்றோடு முடிந்தது என்று தெரிந்தது.

ஏழுமலை குரலை உயர்த்தவில்லை. நாலு வருஷமாக நான் கேட்காமல் ஓடிய கதையை என் முகத்தைப் பார்த்தே சொன்னார். “எங்க பஞ்சாயத்துல எல்லா ஊருக்கும் லைட்டு வந்துச்சு. இவங்க ஊருக்கு கம்பம் நட்டாங்க, கம்பி இழுக்காம போய்ட்டாங்க. எங்கப்பா வந்து, கடைசி கம்பத்தாண்ட இவங்க தாத்தா வூடு, வாசல்ல இந்த சேர போட்டு உக்காந்துட்டாரு. லைட்டு எரியாம எங்க வூட்டுக்கு போமாட்டேன்னாரு. இவங்க குடுத்த கூழ குடிச்சிகினு மூணு நாளு. மூணாம் நாளு லைட்டு எரிஞ்சுது. அந்த சேரு இருக்கிற வூடுன்னு கேள்விப்பட்டுதான் பொண்ணு குடுக்கலாம்னு வந்தேன்.”

எழுந்து நின்றார். பின்னாலேயே மற்ற பதினோரு பேரும் எழுந்தார்கள். கொல்லைப்பக்கம் இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தது. அத்தை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

“அந்த பேப்பரை குடு மா,” என்றார் ஏழுமலை. கொடுத்தேன். தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, “இங்கிலீஷு. நீயே சொல்லு. இந்தியாவுக்கே பிரசிடெண்டு, நம்ம ஊர்ல எவ்ளோ நேரம் இருந்தாரு?”

“நிக்கவே இல்லை, சார்.”

“எங்கப்பா மூணு நாளு.” ஒரு நிமிஷம் அந்த முத்திரையையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். “கவர்மெண்டே எழுதி குடுத்துருக்குது பாரு. எனக்கு இத ஒரு ஜெராக்ஸ் எடுத்து குடு மா. கை கழுவ தண்ணி எங்க கீது?”

தினேஷ் ஓடிப்போய்ச் சொம்பைத் தூக்கிய வேகத்தை ஒலிம்பிக்கில் பார்த்திருக்க முடியாது.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. திருப்போரூர் பஸ் ஸ்டாண்டில் தினேஷின் நண்பர்கள் வைத்த பேனரில் மணமக்களுக்கு மேலே என் போட்டோ, கீழே ‘மேதகு ஜனாதிபதி வித்யா அண்ணி அவர்கள் வருகை தருகிறார்’. அந்தச் சாலையில் ஆபீஸ் பஸ் போகும். என் மேனேஜர் போட்டோ எடுத்து அனுப்பினார். இன்றைக்கும் வீட்டில் கரண்ட் போனால், “வித்யா, உங்க ஆளுக்கு போன் போடேன்,” என்பார் அத்தை. ஜனாதிபதி டிவியில் வந்தால் என்னைச் சமையல்கட்டிலிருந்து கூப்பிடுவார்கள். நான் படுத்தால், “ஓய்வு, ஒன்றரை மணி நேரம்,” என்று என் வீட்டுக்காரர் அறிவிப்பார்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். முழுக் கதையைக் கேட்ட பிறகு அது இரண்டு மடங்கானது. யாரோ ஊருக்கு லைட் வருவதற்காகக் கூழைக் குடித்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்த ஒரு மனிதர், பவித்ராவுக்குத் தாத்தாவாக இருக்கிறார். உட்கார வைத்தவர் கலா அக்காவுக்குத் தாத்தா. இரண்டு ஓரகத்திகளுக்கும் பேச இது போதும். நடுவில் நான் ஃபிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் பவித்ராவின் மகள் யாழினி பொது அறிவுப் பரீட்சைத் தாளோடு ஸ்கூலிலிருந்து வந்தாள். ஒன்றாம் வகுப்பு. இந்தியாவின் ஜனாதிபதி யார் என்ற கேள்விக்கு, ‘வித்யா பெரியம்மா’ என்று குண்டு குண்டாக எழுதியிருந்தாள். டீச்சர் சிவப்பு மையில் பெரிதாகத் தப்புப் போட்டிருந்தார். வீடே சிரித்தது. கலா அக்கா மட்டும் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

“ஏன் பாப்பா,” என்றார், “என் பேர எழுதுனா இன்னா?”

பன்னிரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தக் குரல் வந்து நான் கேட்டதே இல்லை. ஆனால் எனக்கு நன்றாகப் பழகிய குரல்தான். பாப்பாவுக்கு ஒரு மார்க் போனதில் அந்த வீட்டில் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான். தாளை மடிக்காமல் என் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.